நோயாளிக்குச் சொல்லுக

மருந்து என்னும் அதிகாரத்தை நிறைவு செய்யும் குறளிலே வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிலிருந்து பேணுவோன் என்னும் அந்நான்கினுள் நோயாளியே முதற்கண் வைத்து எண்ணப்பட்டான். அக்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர், நோயாளிக்கு வேண்டும் இயல்புகளைக் கூறுமிடத்து, தன் நோயின் நிலையை எடுத்துணர்த்தும் ஆற்றலையும் மருத்துவன் காட்டும் வழியிலே நிற்றலையும் அவற்றுள் அடக்கினார். சொல்லவும் கேட்கவும் வல்லவனாய் நோயாளி நின்றாலன்றி மருத்துவம் நிரம்பாது என்பது நம் முன்னோர் கண்ட முடிபு.

இன்றைய வைத்தியசாலையிலே அந்த முதற்கூறு கடைக்கூறாகி விட்டதோ என்னும் ஐயம் எமக்கு உண்டு. கருவிகள் பெருகியுள்ளன, மருந்துகள் பெருகியுள்ளன, கற்ற வைத்தியர்களும் தாதியரும் இரவு பகலாக உழைக்கின்றனர். ஆயினும் கத்திக்கு உடலைக் கொடுக்கப்போகும் மனிதனிடம், "உமக்கு வந்திருப்பது இது, நாளைக் காலை நாம் செய்யப்போவது இது, அதன்பின் நீர் செய்யவேண்டியது இது" என்று அவனுக்கு விளங்கும் தமிழிலே கூறும் வழக்கம் போதிய அளவு வேரூன்றவில்லை. அவ்வாறு கூறுதலை ஓர் உபசாரமாகவோ, நேரமுள்ளபோது செய்யத்தக்க தருமமாகவோ பலர் கருதுகின்றனர். அது சிகிச்சையின் ஓர் அங்கம் என்பதே இக்கட்டுரையாளனின் துணிபு. நமது கல்லூரியின் விழா மலரிலே இதனை எழுதுவதற்குக் காரணமும் உண்டு. வைத்தியர்களாயும் ஆசிரியர்களாயும் மாணவர்களாயும் இம்மலரைக் கையிலேந்துவோரே இக்குறையை நீக்க வல்லவர்கள்.

ஏட்டுப் படிப்பை மட்டும் துணைக்கொண்டு இதனைக் கூறுகின்றேனல்லேன். எழுபதைக் கடந்த வயதிலே, குடலிறக்கத்துக்காக அரசாங்க வைத்தியசாலை ஒன்றிலே சத்திரசிகிச்சை பெற்று மூன்று இரவுகள் தங்கினேன். ஒரு சதமும் கொடாமல் அச்சிகிச்சையைப் பெற்றேன் என்பதை நன்றியோடு முதலிற் கூறுதல் முறை. இலங்கையின் இலவச வைத்திய சேவை செல்வன் வறியன் என்னும் வேற்றுமை பாராது உடலைச் செப்பனிட்டு அனுப்புகிறது. அதன் அருமை, காசு எண்ணிக் கட்டிலேறும் தேசங்களிலே வாழ்ந்து திரும்பியவர்களுக்கு நன்கு விளங்கும்.

என்னைச் சத்திரசிகிச்சை செய்த இளைஞர் தென்னிலங்கையைச் சேர்ந்த சிங்களவர். கிழக்கிலே பணிக்கு வந்த பின்னரே தமிழ் பழகியவர். முதல்நாள் மாலை என் கட்டிலருகே வந்து, துண்டுக் கடதாசியொன்றிலே கோடிழுத்து, "ஐயா, இது வயிற்றுச் சுவர், இதிலே இந்த இடம் மெலிந்துபோச்சு, குடல் இதாலே வெளியே தள்ளுது, நாங்கள் உள்ளே தள்ளிவிட்டு வலை வைத்துத் தைக்கிறோம்" என்றார். அவருடைய இலக்கணம் இடையிடையே இடறியது. பொருள் எங்கும் இடறவில்லை. மறுநாள் முள்ளந்தண்டிலே ஊசி ஏற்றிய பெண் வைத்தியர், "கால்கள் கனக்கும், உங்களுடைய கால் இல்லாததுபோல இருக்கும், இழுப்பதும் தொடுவதும் தெரியும், நோ தெரியாது" என்று முன்னரே சொல்லிவைத்தார். ஆகவே, திரைக்கு அப்பால் என் உடலை யாரோ பிடித்திழுப்பதுபோலத் தோன்றியபோது எனக்கு அச்சம் எழவில்லை. அவர் சொன்னது சொன்னபடி நடக்கின்றது என்னும் ஆறுதலே எழுந்தது. இவ்விருவரும் என்னோடு பேசிய நேரத்தை ஒன்றாகக் கூட்டினாலும் பத்து நிமிடத்தைத் தாண்டாது.

அடுத்த கட்டிலிலே இருந்தவருக்கு அப்பேறு உடனே வாய்க்கவில்லை. அவர் படுவான்கரையைச் சேர்ந்த வேளாண்மைக்காரர், அறுபத்தைந்து வயதிருக்கும். அவருக்கும் குடலிறக்கமே. இரவு பன்னிரண்டு மணிக்குப் பின் எதுவும் சாப்பிடவேண்டாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவர் அதனை எழுத்துப் பிசகாமற் காத்தார். விடியற்காலை ஐந்து மணிக்குப் போத்தலிலிருந்து பால் விட்ட தேநீரைக் குடித்தார். சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுசெல்லும் வேளையிலே உண்மை வெளிப்பட்டது. "நான் ஒண்டும் தின்னல்ல மிஸ்ஸி, தேத்தண்ணி மட்டுந்தான் குடிச்ச" என்றார் அவர். அவர் கூறியதிலே பொய் சிறிதும் இல்லை. நம் பகுதியிலே சாப்பாடு என்றால் சோறு. தேநீரை எவரும் சாப்பாட்டிலே சேர்ப்பதில்லை. சிகிச்சை இரண்டு நாள் தள்ளிப்போயிற்று. கூடத்திலே அவருக்கென ஒதுக்கிய நேரமும், விடுதியிலே இரண்டு இரவுக்கான கட்டிலும், வாவியைக் கடந்து பார்க்க வந்த மக்களின் இரண்டு நாட் கூலியும் வீணாயின.

தேநீரை ஏன் விலக்கவேண்டும் என்பதற்குரிய காரணம் எளிது. மயக்கத்திலே தொண்டையின் காவல் தளர்கின்றது. இரைப்பையிலே உள்ளது மேலெழுந்து சுவாசப்பைக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்தாகும். 1946 இல் நியூயோர்க்கைச் சேர்ந்த மெண்டெல்சன் என்னும் வைத்தியர், பிரசவ வேளையில் மயக்கமருந்து பெற்ற பெண்களிடையே நேர்ந்த இத்தகைய விபத்துகளை ஆராய்ந்து வெளியிட்டார். அதன்பின்னரே வெறுவயிற்றின் இன்றியமையாமை உலகெங்கும் அழுத்தமாக உணரப்பட்டது. இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்யும் சிகிச்சையிலும், இடையிலே முழுமயக்கம் வேண்டிவரலாம் என்பதால் அதே கட்டுப்பாடு உண்டு. திடவுணவையும் பாலையும் ஆறு மணித்தியாலம் முன்னரே நிறுத்துதல் வேண்டும். தெளிந்த நீரை இரண்டு மணித்தியாலம் முன்வரை அருந்தலாம் என்பது இன்று பல நாடுகளிலும் ஏற்கப்பட்ட பொதுவிதி. இதனை ஒரு வாக்கியத்திலே சொல்லலாம்: "வயிற்றிலே பாலோ சோறோ இருந்தால் மயக்கத்தில் அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும், ஆகையால் தேத்தண்ணியும் ஆகாது." காரணத்தைக் கேட்டவன் கட்டளையைத் தானே காப்பான். காரணம் அறியாதவன் கட்டளையின் சொல்லைக் காத்துப் பொருளை இழப்பான்.

அப்பெரியவரின் கதை அவ்வளவில் முடியவில்லை. சிகிச்சை நலமாக நிறைவேறியபின் அவரிடம், "பாரம் தூக்கவேண்டாம்" என்று கூறப்பட்டது. அவ்வேளை கடமையிலிருந்த தாதி நம் பகுதிப் பெண். அவருக்கு ஏதோ ஐயம் தோன்றியிருக்கவேண்டும். "வீட்டுக்குப் போய் என்ன வேலை செய்வீங்க, அப்பு?" என்று வினவினார். மாட்டுக்குத் தண்ணீர் அள்ளி வார்ப்பதாக அவர் விடையளித்தார். நெல்மூடையே அவருக்குப் பாரம்; இரண்டு கையிலும் இரண்டு வாளித் தண்ணீர் அவர் கணக்கிலே பாரமன்று. அப்போது அத்தாதி கூறிய விளக்கம் எம்மனத்தை விட்டு நீங்கவில்லை. "குளத்துக் கட்டிலே ஓரிடம் பலமில்லாமற் போய் உடைப்பெடுக்கப் பார்த்தது, அப்பு. டாக்குத்தர் அதை அடைச்சிருக்கிறார். ஈரமண் இறுகமுன்னே தண்ணியை முட்ட விட்டால் என்ன ஆகும்?" என்றார். கிழவரின் முகம் மலர்ந்தது. "கட்டு இறுக எத்தின நாள் செல்லும் மகள்?" என்று உடனே கேட்டார்.

கற்றோர் பலருக்கும் தோன்றாத, ஆனால் கேட்கவேண்டிய கேள்வி அதுவே. ஆறு வாரம் என்று வைத்தியர் வரையறுத்துக் கூறினார். மாட்டுக்குத் தண்ணீர் வார்ப்பதற்குப் பேரன் ஒருவனை ஏற்பாடு செய்யும் யோசனையோடு அவர் வீடு சென்றார். படிப்பறியாதவர்களுக்கு இவையெல்லாம் விளங்கமாட்டா என்று கூறுவோர் இதனைச் சிந்திக்கவேண்டும். முகத்துவாரம் வெட்டும் காலத்தையும், வாவி நீர் வயலேறும் குறியையும், வரம்பின் எந்த இடம் முதலில் இளகும் என்பதையும் அறிந்தவனுக்குத் தன் வயிற்றுச் சுவரின் செய்தி விளங்காதென்பது பொருந்துமா? விளங்காமைக்குக் காரணம் கேட்போனின் அறியாமையன்று. அவன் அறிந்தவற்றைக்கொண்டு சொல்லாமையே.

இனி, இக்கருத்துக்கு மாறாகச் சொல்லப்படுவனவற்றை நோக்குவோம். முதலாவது தடை, நோயாளியிடம் யாவற்றையும் கூறினால் அவன் அஞ்சுவான் என்பது. நம்மவரிடையே இவ்வெண்ணம் ஆழப் பதிந்துள்ளது. மக்களையும் மருமக்களையும் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சொல்லிவிட்டு, கட்டிலிலே கிடப்பவரிடம், "ஒண்டுமில்லை, சின்ன விசயம்" என்று மறைப்பதை அன்பு என்று கருதுகின்றோம். இதற்கு விடை ஆராய்ச்சியாலே காணப்பட்டுள்ளது. 1846 ஆம் ஆண்டு ஒற்றோபர் 16 ஆம் நாள், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து மசச்சூசற்ஸ் பொது வைத்தியசாலையிலே, மோட்டன் என்பவர் ஈதர் ஆவியால் நோயாளியை மயக்க, வலியின்றிச் சத்திரசிகிச்சை செய்துகாட்டப்பட்டது. அவ்வைத்தியசாலையிலேயே நூறாண்டுக்கு மேற் கழிந்தபின், எக்பேட் என்னும் மயக்கமருந்து வைத்தியரும் அவர் தோழரும் வேறொரு பரிசோதனை செய்து 1964 இல் வெளியிட்டனர். வயிற்றுச் சத்திரசிகிச்சைக்கு வந்த 97 நோயாளரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு, விழித்தபின் எந்த இடத்தில் நோ இருக்கும், எவ்வளவு கடுமையாக இருக்கும், எத்தனை நாள் நீடிக்கும், உடலைத் தளர்த்தியும் முறையாகத் திரும்பிப் படுத்தும் அதனைக் குறைப்பது எவ்வாறு என்பவற்றை முன்னரே விளக்கினர். மற்றப் பிரிவினருக்கு அவ்விளக்கம் அளிக்கப்படவில்லை. விளக்கம் பெற்றவர்களுக்கு நோவடக்கும் மருந்து ஏறத்தாழப் பாதியளவே வேண்டியிருந்தது; அவர்கள் சராசரி 2.7 நாள் முந்தி வீடு திரும்பினர். எவருக்கு விளக்கம் அளிக்கப்பட்டது என்பது சத்திரசிகிச்சை வைத்தியர்களுக்குத் தெரியாது. ஆதலால் பாரபட்சம் காட்ட இடமில்லை. நோ வரும் என்று சொல்லக் கேட்டவர்களே அந்நோவைக் குறைவாக அனுபவித்தனர். ஈதர் சாதித்ததன் ஒரு பங்கை வெறுஞ்சொல்லும் சாதித்தது.

இரண்டாவது தடை, வைத்தியர்களுக்கு நேரமில்லை என்பது. இது மெய்யான தடை. இதனை எளிதிலே தள்ளிவிடல் ஆகாது. ஆயினும் ஒரு கிண்ணம் தேநீரால் வீணான நேரத்தை மேலே கண்டோம். நேரமின்மையை முன்னிட்டு மிச்சம் பிடித்த ஐந்து நிமிடம் இரண்டு நாளாய் வட்டியோடு திரும்பி வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2008 இல் சத்திரசிகிச்சைப் பாதுகாப்புக்கென ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. அதன் முதல் வினாவே, நோயாளி தான் யார், எந்த இடத்திலே, என்ன சிகிச்சை என்பவற்றைத் தம் வாயால் உறுதிப்படுத்தி, அதற்கு இசைந்தாரா என்பதாகும். புதுடில்லி, மணிலா, லண்டன், தான்சானியாவின் இபக்காரா முதலாய எட்டு இடங்களின் வைத்தியசாலைகளிலே அப்பட்டியல் பயன்படுத்தப்பட்டபோது, சத்திரசிகிச்சைக்குப் பிந்திய மரணம் நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகவும், பெருஞ்சிக்கல்கள் 11 என்பதிலிருந்து 7 ஆகவும் குறைந்தன என 2009 இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அக்குறைவு முழுவதும் முதல் வினாவினால் விளைந்ததன்று. ஆனால் தனக்கு என்ன செய்யப்போகின்றனர் என்பதை அறியாத நோயாளி அந்த முதல் வினாவுக்கு எவ்வாறு விடை கூறுவான்? தலையை அசைப்பான், அசைத்த தலை ஆம் என்று எழுதப்படும்.

இசைவுப் படிவத்தின் நிலையும் அத்தகையதே. 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. நான் ஒப்பமிட்ட தாளிலும் தமிழ் அச்சிடப்பட்டிருந்தது. பக்கத்துக் கட்டிற் பெரியவர் தமது தாளை என்னிடம் நீட்டி, "இதில என்ன எழுதிக் கிடக்கு?" என்று வினவினார். படித்துக் காட்டினேன். அது கந்தோர்த் தமிழ். வாக்கியம் ஒன்று ஐந்து வரி நீண்டது. சட்டம் தன் கடமையைச் செய்துவிட்டது. சொல்லவேண்டியது சொல்லப்படாமலே நின்றது. 2015 இல் ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம், மொண்ட்கொமரி என்னும் தாயின் வழக்கிலே, நோயாளியின் நிலையிலுள்ள ஒருவர் முக்கியமெனக் கருதக்கூடிய ஆபத்துகளை அவருக்குக் கூறுதல் வைத்தியரின் கடமை என்று தீர்த்தது. வைத்தியர் முக்கியமெனக் கருதுவது மட்டும் அளவுகோலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். ஒப்பம் வாங்குதல் வேறு, உணர்த்துதல் வேறு என்பதை இது தெளிவாக்குகின்றது.

மூன்றாவது தடை, வைத்திய விடயங்களைத் தமிழிலே சொல்ல இயலாது என்பது. இதனைக் கூறுவோர் நம் நாட்டு வரலாற்றை மறந்தவர்கள். பொஸ்ரனிலே ஈதர் பயன்பட்ட மறு ஆண்டாகிய 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே வைத்தியசாலை நடத்தி, 1864 முதல் மேலைத்தேச வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறும் பிரசவ வைத்தியமும் தமிழ் நூல்களாயின. 1867 இல் இரண வைத்தியம் என்னும் பெயருடன் சத்திரசிகிச்சை நூலும் வெளிவந்தது. 1873 இல் தாயகம் மீண்டபின்னரும் அவர் அப்பணியைத் தொடர்ந்தார். கொழும்பிலே 1870 இல் ஆங்கில வழியில் வைத்தியக் கல்லூரி தோன்றுமுன்னரே, தமிழ் மாணவன் தமிழிலே நாடிகளையும் நரம்புகளையும் கற்றான். நம் வாவிக்கரையை நோக்கினால், காரைதீவிலே தோன்றிய விபுலாநந்த அடிகள் 1936 இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, அறிவியலுக்குத் தமிழ்ச் சொல் அமைக்கும் பணியை வழிநடத்தினார். இசையையும் இலக்கியத்தையும் ஆய்ந்த அவர் அறிவியலையும் கற்றுக் கற்பித்தவர் என்பதை இளைஞர் நினைவிற் கொள்வாராக.

ஆனால் கலைச்சொல் மட்டும் நோயாளியின் காதுக்குப் போதாது. ஏட்டுக்குக் கலைச்சொல் வேண்டும். கட்டிலருகே குளத்துக் கட்டும் ஈரமண்ணும் வேண்டும். கிறீனுடைய நூல்களும் அடிகளின் சொற்களும் தமிழால் இயலும் என்பதை நிலைநாட்டின. வழக்குத் தமிழால் உணர்த்துதல் நம் தலைமுறைக்கு எஞ்சிய கடமை.

அக்கடமையை எவ்வாறு செய்வது? பழைய மாணவர் சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கின்றோம். முதலாவது, குடலிறக்கம், குடல்வால், கண்ணிற் புரை, வயிற்றைக் கீறிப் பிரசவம் என்னும் நான்கு சிகிச்சைகளைப் பற்றியும் நான்கு பக்கச் சிறு பிரசுரங்கள் வெளியிடல் வேண்டும். நமது கல்லூரியிலே பயின்ற வைத்தியர்கள் பொருளைத் தருக. தமிழாசிரியர்கள் நடையைத் திருத்துக. அச்சிடுமுன்னர் படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் பள்ளிக்கூடம் அதிகம் அறியாத பத்துப் பேருக்குப் படித்துக் காட்டி, அவர்களுக்கு விளங்காத சொல்லை நீக்குக. தேநீரும் வாளித் தண்ணீரும் அவற்றிலே தவறாமல் இடம்பெறல் வேண்டும்.

இரண்டாவது, இன்று மட்டக்களப்பிலேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வழியாக மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. அங்கே பயிலவும் நம் வைத்தியசாலைகளிலே பணியாற்றவும் நாட்டின் நாற்புறத்திலிருந்தும் இளைஞர் வருகின்றனர். தமிழறியாமல் வருவோரைக் குறைகூறி நிற்பதால் ஆவதொன்றில்லை. நம் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மாலை வேளைகளிலே அவர்களுக்கு நம் ஊர்த் தமிழைக் கற்பிக்கலாம். நோ எத்தகையது என்று நம்மவர் கூறும் சொற்கள்தாம் எத்தனை! குத்துகின்றது, உளைகின்றது, கடுக்கின்றது, எரிகின்றது, விண்விணென்கின்றது என்பவற்றிடையே உள்ள வேறுபாட்டை அறிந்த வைத்தியர், நோயைப் பாதி அறிந்தவராவர். கடதாசியிலே கோடிழுத்து எனக்கு விளக்கிய அந்த இளைஞரைப் போன்றோர் ஆர்வத்தோடு வருவர் என்பதில் ஐயமில்லை.

மூன்றாவது, மேல்வகுப்பு மாணவர்களைக் குறித்தது. வைத்தியசாலை அதிகாரிகளின் அனுமதியோடு, வாரத்தில் ஒரு நாள், எழுத்தறியாத முதியோருக்குப் படிவங்களையும் மருந்துத் துண்டுகளையும் படித்துக் காட்டும் சேவையை அவர்கள் மேற்கொள்ளலாம். வைத்திய ஆலோசனை கூறுதல் அவர்கள் வேலையன்று. உள்ளதைப் படித்துக் காட்டி, விளங்காததைத் தாதியிடம் கேட்டுச் சொல்லுதலே வேலை. பரீட்சைக்குப் படிக்கும் தமிழைக் காட்டிலும் உயர்ந்த தமிழை அங்கே கற்பார்கள்.

நோயாளிகளாகப் போகின்ற நமக்கும் ஒரு சொல். பெரியவர்களிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். வைத்தியரிடம் மூன்று கேள்வியேனும் பணிவோடு கேட்டறிக: எனக்கு என்ன செய்யப்போகின்றீர்கள்? அதற்குமுன் நான் எதைத் தவிர்க்கவேண்டும்? வீடு சென்றபின் எந்தக் குறியைக் கண்டால் உடனே திரும்பி வரவேண்டும்? காய்ச்சல், காயம் சிவந்து வீங்குதல், சீழ் வடிதல், சிறுநீர் பிரியாமை முதலியவற்றை முன்னரே கேட்டறிந்தவன், வீட்டிலே காலந் தாழ்த்தமாட்டான்.

மண்முனைத் துறையிலே பாதையேறி வாவியைக் கடந்த காலம் 2014 இல் பாலம் திறக்கப்பட்டதோடு மாறியது. படுவான்கரை நோயாளி வைத்தியசாலை வாசலை முன்னிலும் விரைவாக அடைகின்றான். வாசலைக் கடந்தபின், வைத்தியர் அறிந்ததற்கும் அவன் அறியவேண்டியதற்கும் இடையே உள்ள நீரைக் கடப்பிக்கப் பெருஞ்செலவும் பிறநாட்டு உதவியும் வேண்டா. ஐந்து நிமிடமும் நல்ல தமிழும் போதும். அவ்விரண்டையும் ஈயும் வல்லமை நமது கல்லூரியின் மைந்தருக்கு உண்டு. சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்திலே முதற் பிரசுரத்தின் கையெழுத்துப் பிரதி வாசிக்கப்படுமாக.